ஸவாஹிர் நானா எதற்குக் கையேந்தினார்

அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்ல இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. மேசையில் கிடந்த கைபேசி ஒரு தடவை அதிர்ந்தது. கட்டாரில் வேலை செய்யும் மகனிடமிருந்து செய்தி. "எப்படி மகன்?" என்று காலையிலேயே கேட்டு அனுப்பியிருந்தேன். இவ்வளவு நேரம் கழித்து இப்போதுதான் பதில் வருகிறது. ஆங்கில எழுத்தில் ஓர் அல்ஹம்துலில்லாஹ். பக்கத்தில் மஞ்சள் நிறத்தில் ஏந்திய இரண்டு கைகள். வேறு ஒரு சொல்லும் இல்லை.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். வேறு தகப்பன்மார் என்றால் பிள்ளை சுகமாக இருக்கிறான் என்று எடுத்துக்கொண்டு தேநீர் குடிக்கப் போயிருப்பார்கள். எனக்கு அது வராது. இது எந்த மாதிரி அல்ஹம்துலில்லாஹ்? சிரித்துக்கொண்டு சொன்னதா, பெருமூச்சு விட்டுச் சொன்னதா, மேற்பார்வையாளன் பக்கத்தில் நிற்கிறான் என்று அவசரமாகத் தட்டிவிட்டதா? அந்த மஞ்சள் கைகளையும் பாருங்கள். ஏந்தியது ஏந்தியபடியே நிற்கின்றன. எப்போது ஏந்தினான், எப்போது இறக்கினான் என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. இந்தப் படத்தைச் செய்தவர்கள் பதுளைக் கடைவீதியில் கொஞ்ச நாள் இருந்து பார்த்துவிட்டுச் செய்திருக்கலாம்.

அந்த நேரம் பார்த்துப் பாண் விற்கும் முச்சக்கர வண்டி தன் வழமையான இசையைப் போட்டுக்கொண்டு தெருவில் போனது. பாண் வாசம் வந்தது என்று எழுதத்தான் கை வருகிறது. உண்மையில் வரவில்லை. இப்போதைய பாணுக்குப் பொலித்தீன் வாசம்தான். என் மூக்கில் இருப்பது வேறு பாண். விறகு எரித்த போறணையில் வெந்து, அடிப்பக்கம் கொஞ்சம் கருகி, சாம்பல் வாசமும் சேர்ந்து வரும் பாண். அந்தப் போறணை ஸவாஹிர் நானாவுடையது. எங்கள் பேச்சில் நானா என்றால் அண்ணன். அவர் என் மாமனார். ஆனால் மாமனார் ஆவதற்கு முன்னால் கொஞ்ச காலம் எங்கள் வீட்டில் அவர் சந்தேக நபராக இருந்தார்.

சந்தேகம் எனக்கு வாப்பாவிடமிருந்து வந்த முதுசம். வாப்பாவுக்குக் கடைவீதியில் ஒரு சின்ன இரும்புக்கடை. மண்வெட்டி, கவ்வாத்துக் கத்தி, லாம்பு, கயிறு, கொழுந்து பறிக்கிற பெண்கள் இடுப்பில் கட்டும் படங்கு எல்லாம் விற்பார். யாராவது வீட்டுக்கு மாம்பழம் கொண்டுவந்தால் முதலில் பழத்தை வெட்டிப் பார்ப்பார், பிறகுதான் வந்தவரை உட்காரச் சொல்வார். நல்ல வெயில் அடித்தால் வானத்தைப் பார்த்து, "இது எனத்துக்கோ அடிக்குது" என்பார். கெட்ட மனிதரில்லை. நல்லது எதுவும் சும்மா வராது என்று நம்பினார், அவ்வளவுதான்.

அவரிடம் இரண்டு தராசுகள் இருந்தன. ஒன்று காது. மற்றது கண்.

எங்கள் ஆட்களிடம் "எப்படி?" என்று கேட்டால் இறைவனுக்கே புகழ் என்கிற ஒரே பதில்தான் என்பது உங்களுக்குத் தெரியும். வீட்டில் கலியாணம் என்றாலும் அல்ஹம்துலில்லாஹ்தான், கடையில் தீப்பிடித்தாலும் அல்ஹம்துலில்லாஹ்தான். ஆனால் கடைவீதியில் சொல்லை யாரும் கேட்பதில்லை. அதை இழுக்கிற இழுப்பைத்தான் கேட்பார்கள். சட்டென்று வெட்டிச் சொன்னால் வியாபாரம் நன்றாகப் போகிறது, நின்று பேச நேரமில்லை. நடுவில் ஒரு மூச்சு விட்டு இழுத்தால் சரக்கு தேங்கிக் கிடக்கிறது. கடைசி எழுத்தைத் தரையைப் பார்த்துச் சொன்னால் வீட்டில் யாருக்கோ சுகமில்லை. புடைவைக் கடைக்காரர் ஒருவர் சாலையைக் கடக்கும்போது சொன்ன அல்ஹம்துலில்லாஹ்வை வைத்தே அவர் மருமகனோடு சண்டை என்பதை வாப்பா சொல்லிவிட்டார். ஊருக்கு அது பிறகுதான் தெரிந்தது.

கண்ணுக்கு வேலை பள்ளிவாசலில். நண்பகல் தொழுகையான லுஹருக்குக் கடைவீதிக்காரர் எல்லாரும் வருவார்கள். தொழுகை முடிந்ததும் ஆளாளுக்குத் தனியே கையேந்தித் துஆக் கேட்பார்கள். வசதியாக இருக்கிறவர் கையை ஏந்தியதும் தெரியாது, முகத்தைத் தடவியதும் தெரியாது, செருப்பைத் தேடிக்கொண்டு ஓடிவிடுவார். கஷ்டத்தில் இருக்கிறவர் ஒரு தூணோரம் நகர்ந்து உட்கார்ந்துகொள்வார். கை கீழே இறங்காது. வாப்பா எப்போதும் பின்வரிசையில்தான் தொழுவார். பின்வரிசையில் இருந்தால் எல்லார் கையும் தெரியும்.

இமாம் வெள்ளிக்கிழமை தோறும், நல்ல காலத்திலும் அல்லாஹ்வை நினையுங்கள் என்று சொல்லிச் சொல்லிக் களைத்துப்போனார். எல்லாரும் தலையை ஆட்டினார்கள். நல்ல காலத்தில் நேரம் கிடைப்பதில்லை என்பதை அவரிடம் யார் சொல்வது. வாப்பாவின் கடைக்குப் பக்கத்தில் பித்தளைப் பாத்திரக் கடை வைத்திருந்த சுப்பையா முதலாளி இந்து. பள்ளிக்குள் கால் வைக்காமலே அவரும் இந்தக் கலையைப் படித்திருந்தார். "பாய், இன்னைக்கு அந்தத் துணிக்கடைக்காரரு பள்ளியில இருந்து கடைசியாத்தான் வெளிய வந்தாருங்க. ஏதும் வில்லங்கமா?" என்று மெதுவாகக் கேட்பார்.

இந்த ஊரில்தான் ஸவாஹிர் நானாவும் வியாபாரம் செய்தார். ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் பாதையில், மண்மேட்டை ஒட்டி அவருடைய பேக்கரி. உயரமான மனிதர். மாப் பிசைந்து பிசைந்து தடித்துப்போன கைகள். விடியும்போதே அவருடைய வான் ஸ்பிரிங்வெளித் தொழிலாளர் லயங்களுக்குப் பாண் கொண்டு போய்விடும். நான் சொல்லும் காலத்தில் அவருக்கு நல்ல ஓட்டம். இரண்டாவது போறணையும் கட்டிவிட்டார்.

அப்போது நான் புதிதாக நியமனம் கிடைத்த கணக்கு வாத்தியார். அவருடைய மகள் ரிஹானா அதே பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளுக்குச் சுற்றாடல் படிப்பித்தாள். எங்கள் ஆட்கள் 'இருக்கு' என்பதை 'ஈக்கு' என்பார்கள். தோட்டத்துப் பிள்ளைகள் வகுப்பில் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். நான் திருத்திப் பேசப் பார்த்து இன்னும் உளறுவேன். ரிஹானா கொஞ்சமும் கூச்சப்படாமல், "ஆமா, எனக்கு ஈக்கு, உங்களுக்கு இருக்கு. ரெண்டு பேருக்கும் இப்ப பாடம் ஈக்கு" என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தைத் திறப்பாள். பக்கத்து வகுப்பிலிருந்து அதைக் கேட்ட அன்றே என் மனம் போய்விட்டது. அவளுக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவர்கள் பக்கத்திலிருந்து கலியாணப் பேச்சு வந்திருக்காது.

பேச்சு வந்ததும் உம்மா சந்தோஷப்பட்டார். வாப்பா தாடியைச் சொறிந்தார்.

"ரெண்டாவது போறணை கட்டின மனுசன், இந்த வாத்திக்கு எனத்துக்கு மகளக் குடுக்கப் பாக்குறாரு?"

அந்த வாத்தி நான்தான். எனக்குக் கொஞ்சம் வலித்தாலும், கேள்வியில் நியாயம் இருப்பதாகவே பட்டது. முதுசம் என்று சொன்னேனே.

மறுநாளே வாப்பா பின்வரிசையிலிருந்து ஸவாஹிர் நானாவின் கைகளை எடைபோட ஆரம்பித்தார். அங்கேதான் வந்தது வினை. ஸவாஹிர் நானா தொழுது முடித்துக் கையை ஏந்தினார். வரிசைகள் கலைந்தன. செருப்புச் சத்தம் ஓய்ந்தது. பாங்கு சொல்லும் முஅத்தின் விசிறிகளை நிறுத்தினார். ஸவாஹிர் நானாவின் கை இறங்கவில்லை. அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும் அப்படியே. வெளியே வந்தவரிடம் வாப்பா, "எப்படி நானா?" என்று கேட்டுக் காதைத் தீட்டிக்கொண்டார். "அல்ஹம்துலில்லாஹ்" என்றார் ஸவாஹிர் நானா. இழுப்பும் இல்லை, வெட்டும் இல்லை. தண்ணீர் குடித்துவிட்டுக் கோப்பையை வைக்கிறது போல ஒரு அல்ஹம்துலில்லாஹ்.

வாப்பா வீட்டுக்கு வந்து சோற்றில் கையை வைத்தபடி சொன்னார். "அந்த ஆளுட பேச்சுல ஒண்டும் புடிபடல்ல. ஆனா கை சொல்லுது. பெரிய கரச்சல் ஒண்டு ஈக்கு. மறைக்கிறாரு."

"சந்தோசமா ஈக்கிற மனுசன் துஆக் கேக்கக் கூடாதா?" என்றார் உம்மா.

"கேக்கலாம். இவ்வளவு நேரம் கேக்க அப்படி எனத்த ஈக்கு?"

விசாரணை என் தலையில் விழுந்தது. கலியாணம் எனக்குத்தானே. ஒரு சனிக்கிழமை காலை, ஸ்பிரிங்வெளியில் ஒரு மாணவனின் வீட்டைப் பார்க்க வேண்டும் என்று பொய் சொல்லிப் பாண் வானில் ஏறிக்கொண்டேன். அன்று ஸவாஹிர் நானா வானில் இல்லை. லயத்துக் குழாயடியில் குடத்தோடு நின்ற செல்லம்மா என்ற பெண்ணிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"நல்ல மனுசருங்க. மழையோ பனியோ, பாணு வந்திரும்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அவரு வண்டியில வர்ற அன்னிக்கெல்லாம் இந்தக் குழாயடியில வந்து நின்னு கையேந்திட்டுத்தாங்க போவாரு. நாங்களும் ஏன்னு கேக்குறதில்ல" என்றாள்.

இதை வாப்பாவிடம் சொல்லியிருக்கவே கூடாது. குழாயடியில் கையேந்துவதாவது. தண்ணீரில் எதையோ ஓதி ஊதுகிறார் என்று ஒரு நாள் சொன்னார். பாண் விற்பனை கூடுவதற்கு அதுதான் காரணம் என்று மறுநாள் சொன்னார். அதற்குள் இன்னொரு தகவலும் அவர் காதுக்கு வந்து சேர்ந்தது. வியாழக்கிழமை தோறும் ஸவாஹிர் நானா ரயிலேறி அப்புத்தளைக்குப் போகிறாராம். வாப்பாவின் முகம் தெளிந்தது. "நான் சொல்லல்ல? அங்க இன்னொரு குடும்பம் ஈக்கு."

அதற்கிடையில் ரிஹானா ஆசிரியர் அறையில் என்னைப் பிடித்துக்கொண்டாள். "மாஸ்டர், உங்கட வாப்பா எங்கட வாப்பாவப் பாத்து முடிய இன்னும் எவ்வளவு காலம் போகும்? வெலிமடையில இருந்து ஒரு பேச்சு வந்து ஈக்கு. உம்மா ஓம் சொல்லச் சொல்றாங்க. நான் இன்னும் எத்தின நாளைக்குத் தலையிடி எண்டு சொல்லிட்டு ஈக்கிறது?"

அடுத்த வியாழக்கிழமை பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு நான் அப்புத்தளை ரயிலில் இருந்தேன். அவர் முன்பெட்டியில், நான் பின்பெட்டியில். இறங்கும்போது மூடுபனி தெருவை முழுக்க விழுங்கியிருந்தது. முன்னால் நடப்பவரின் குடைகூடச் சரியாகத் தெரியவில்லை. ஓடினால் இடித்துவிடுவேன், மெதுவாகப் போனால் தொலைத்துவிடுவேன். அவர் ஒரு சந்தில் திரும்பினார். இரண்டாம் குடும்பத்தின் கதவு எந்த நிறமாக இருக்கும் என்று யோசித்துக்கொண்டே நானும் திரும்பினேன். அது ஒரு சின்னப் பள்ளிவாசல். உள்ளே அவர் ஒருவர்தான் இருந்தார். தொழுதார். கையை ஏந்தினார். நான் வெளியே சுவரில் ஒட்டியிருந்த ஒரு மரண அறிவித்தலைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டு குளிரில் நின்றேன். செத்தவரின் பேரப்பிள்ளைகள் பெயர்கூட எனக்குப் பாடமாகிவிட்டது.

வெளியே வந்தவர் என்னைக் கண்டார். திடுக்கிடவில்லை. "மாஸ்டர், தொழுதிட்டீங்களா? வாங்க, டீ குடிப்போம்" என்றார். ஏன் வந்தாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. சந்தேகமே படாத மனிதரை நான் அதுவரை பக்கத்தில் பார்த்ததில்லை.

வாப்பா இதையும் விடவில்லை. "பள்ளியா? பதுளையில பள்ளி இல்லியா? இங்க கேட்டு முடியல்ல எண்டு அங்க போய்க் கேக்குறாரு. அப்ப கரச்சல் நான் நெனச்சத விடப் பெரிசு." கலியாணப் பேச்சுக்கு இன்னும் யோசிக்க வேண்டும் என்று சொல்லியனுப்பினார். நான் அன்று சாப்பிடாமல் படுத்தேன். வாப்பாவின் தராசுகளை முதன்முறையாக வெறுத்தேன்.

அந்த வருஷ மழை பொல்லாத மழை. விடாமல் பெய்த ஒரு நாள் முற்பகல், பேக்கரிக்குப் பின்னாலிருந்த மண்மேடு அப்படியே இறங்கியது. வேலையாட்கள் முன்பக்கம் இரண்டாம் நடைக்கு வானில் பாண் ஏற்றிக்கொண்டிருந்ததால் உயிர்கள் தப்பின. இரண்டு போறணையும் மாமூட்டைகளும் மண்ணுக்குள் போய்விட்டன. பள்ளிக்கூடத்திலிருந்து நானும் ரிஹானாவும் ஓடினோம். அந்த இடத்தில் ஈரமண் வாசமும் வெந்த பாண் வாசமும் கலந்து வந்தது. அந்த வாசத்தை நான் பிறகு எங்கேயும் முகர்ந்ததில்லை, முகர விருப்பமும் இல்லை.

அன்று லுஹருக்கு ஸவாஹிர் நானா சேறு படிந்த சாரனை மாற்றிக்கொண்டு பள்ளிக்கு வந்தார். ஊரே அவரைப் பார்த்தது. தொழுதார். கையை ஏந்தினார். உடனே முகத்தைத் தடவிக்கொண்டு எழுந்து போய்விட்டார். பேக்கரி ஓடின காலத்தில் முஅத்தின் விசிறியை நிறுத்தும் வரை கையேந்தியிருந்த மனிதர், எல்லாம் போன அன்று செருப்பை மாட்டிக்கொண்டு முதல் ஆளாக வெளியேறினார். வாசலில் யாரோ, "எப்படி நானா?" என்று தழுதழுத்தார்கள். "அல்ஹம்துலில்லாஹ்." அதே குரல். கோப்பையை வைக்கிற அதே சத்தம்.

வாப்பா கடைக்குக்கூடப் போகாமல் நேரே வீட்டுக்கு வந்தார். அவர் கண்ணில் ஒரு வெளிச்சம். "விளங்கிட்டுது. அந்தாள்ட வேற எங்கயோ பெரிசா ஈக்கு. எல்லாம் போன மனுசன் இப்படியா துஆக் கேப்பான்? போனது அவருக்குத் தூசு." அப்படியே உம்மாவைப் பார்த்து, "பேச்ச முடிச்சுப் போடுவோம். நல்ல எடம்" என்றார்.

சிரிக்காதீர்கள். வசதியாக இருந்தபோது தள்ளிப்போட்ட சம்பந்தத்தை, அந்த மனிதர் வெறுங்கையாக நின்ற அன்று வாப்பா ஆசைப்பட்டு ஏற்றுக்கொண்டார். மழையில் பாதிக்கப்பட்டவர்களுக்குப் பள்ளியில் சாமான் சேர்த்தபோதும், "அவருக்கு எனத்துக்கு, வேற ஆளுகளுக்குக் குடுங்க" என்று சொன்னது வாப்பாதான். அவர் சொன்னால் கமிட்டியில் மறுபேச்சு இல்லை. அவருடைய தராசு அவ்வளவு பேர்பெற்றது.

ஸவாஹிர் நானா காதுக்கு இது எப்படியோ எட்டியிருக்க வேண்டும். ஒரு பின்னேரம் வீட்டுக்கே வந்தார். கதிரையின் நுனியில் உட்கார்ந்தார். "நீங்க ஏதும் நெனச்சிட்டு ஈக்கிறீங்களோ தெரியா. எங்கிட்ட ஒண்டுமே மிச்சமில்ல. தெரிஞ்சிக்கிட்டு முடிவெடுங்க. புள்ளைகள்ட வாழ்க்க."

வாப்பா பணிவாக வழியனுப்பிவைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார். "பாத்தியா? இல்லாதவன் வீடு தேடி வந்து இல்ல எண்டு சொல்லுவானா?"

இப்படித்தான் எனக்கு நிக்காஹ் நடந்தது. எளிமையான நிக்காஹ். அந்த எளிமையையும் வாப்பா தந்திரம் என்றே நினைத்தார். நான் ஒன்றும் நினைக்கவில்லை. ரிஹானா பக்கத்தில் இருந்தாள், அது போதும்.

கலியாணமான புதிதில் அப்புத்தளைக் கதையை ரிஹானாவிடம் கேட்டேன். வாலிபத்தில் அவளுடைய வாப்பா அங்கே ஒரு பேக்கரியில் மாப் பிசைந்தாராம். முதலாளி ஒரு நாள் நிறுத்திவிட்டார். போக இடமில்லாமல் அந்தச் சின்னப் பள்ளியின் விறாந்தையில் கொஞ்ச காலம் படுத்திருந்தாராம். "ஒண்டுமில்லாத காலத்துல மட்டும்தான் அந்தப் பள்ளி என்னயப் பாத்திச்சு, சுகமா ஈக்கிறதயும் அது பாக்கட்டும் எண்டு வாப்பா சொல்லுவாரு" என்றாள் ரிஹானா. அந்தப் பள்ளியின் சுவரோரம் நான் நின்ற நிலையை நினைத்து எனக்குக் காது சூடானது. பேச்சை மாற்றினேன்.

வாப்பாவுக்கு உண்மை தெரிந்தது வேறு விதமாக. கடைவீதியின் மறுகோடியில் இன்னொருவரின் பேக்கரி இருந்தது. கதவுக்குப் பூட்டு வாங்கிய அதன் முதலாளி மறந்துவிட்டுப்போன திறப்பைக் கொடுக்க வாப்பா அங்கே போயிருக்கிறார். பின்கட்டில் மாப் பிசையும் மேசையில் ஸவாஹிர் நானா நின்றிருந்தார். முழங்கை வரை மா. பக்கத்தில் அவருடைய மகன் வயதுப் பையன்கள். அந்த வயதில், இன்னொருவரின் போறணைக்கு மாப் பிசைந்துகொண்டு. வாப்பா என்ன கேட்பது என்று தெரியாமல் வாய்க்கு வந்ததைக் கேட்டாராம். "எப்படி நானா?" "அல்ஹம்துலில்லாஹ்" என்றாராம் அவர்.

அன்று வாப்பா சாப்பிடவில்லை. உம்மாவிடம் மட்டும், "அந்தச் சாமான நான்தானே நிப்பாட்டினேன்" என்றார். நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். அவர் அழுவதை நான் கேட்டது அன்றுதான். மறுநாள் லுஹருக்கு வாப்பா முன்வரிசையில் போய் நின்றார். முன்வரிசையில் நின்றால் யார் கையும் தெரியாது.

அதன் பிறகு இரண்டு பேரும் சிநேகிதர்கள் ஆனார்கள் என்று சொல்லலாம். வாப்பாவின் சிநேகிதம் என்றால் பக்கத்தில் உட்கார்ந்து குறுக்குக் கேள்வி கேட்பது. பல வருஷம் கழித்து வாப்பா நோயில் விழுந்தார். ஸவாஹிர் நானா அடிக்கடி வந்து கட்டிலோரம் இருப்பார். ஒரு நாள் வாப்பா மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார்.

"உண்மையச் சொல்லுங்க. அந்தக் காலத்துல, ரெண்டாவது போறணை கட்டின நேரம், அவ்வளவு நேரம் கையேந்திட்டு அல்லாஹ்ட்ட எனத்தத்தான் கேட்டீங்க?"

ஸவாஹிர் நானா கொஞ்சம் வெட்கப்பட்டார். "கேக்கல்ல நானா. சொல்லிட்டு ஈந்தேன். வெறகு கொத்துற பொடியன், வான்ட பிரேக், ஸ்பிரிங்வெளிக் குழாயடி... எங்கட பேக்கரிக்குத் தண்ணி அந்த மேட்டுல இருந்துதானே எறங்கி வந்திச்சு. பாண் வாங்குற லயத்துப் புள்ளைகள். ஒவ்வொண்டா பேர் சொல்லி நன்றி சொன்னா நேரம் போகும்தானே."

"அப்ப மண்ணு சரிஞ்ச அண்டைக்கு?"

"கஷ்டத்துல கேக்க ஒண்டுதானே ஈக்கும். ஒண்ட ஒருக்காக் கேட்டா அவனுக்கு வெளங்கும்."

வாப்பா அந்த நிலையிலும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "அந்தப் பேருகள்ல நான் ஈந்தேனா?" என்றார்.

"ஈந்தீங்க."

"எனத்துக்கு?" என்றார் வாப்பா உடனே. ஸவாஹிர் நானா வாய்விட்டுச் சிரித்தார். வாப்பாவுக்கும் சிரிப்பு வந்தது, அதோடு இருமலும். பதில் என்ன என்பதை அந்தச் சிரிப்பில் யாரும் கேட்கவில்லை.

இரண்டு பேரும் போய்விட்டார்கள். பேக்கரி இருந்த இடத்தில் சரிவுக்குக் கம்பிவலை போட்டுப் புல் வளர்த்திருக்கிறார்கள். இரும்புக்கடையும் பித்தளைக்கடையும் ஒன்றாகி இப்போது கைபேசிக் கடை. அப்புத்தளைப் பள்ளியை இடித்துப் பெரிதாகக் கட்டிவிட்டார்களாம், விறாந்தை இல்லை. எங்கள் பள்ளியிலும் தொழுகை முடிந்ததும் எல்லாக் கையும் சட்டைப்பையிலிருக்கும் கைபேசிக்குத்தான் போகிறது. எவர் துஆ நீளுகிறது, எவர் துஆ குறைகிறது என்று பார்த்துக்கொண்டிருக்க பின்வரிசையில் ஆளில்லை. தப்பாக எடைபோட்டாலும் எடைபோட ஒரு மனிதர் இருந்தார். "உங்கட மகன்ட கை என்னமோ சொல்லுது" என்று என்னிடம் சொல்ல இன்று யார் இருக்கிறார்கள்.

அஸருக்குப் பாங்கு கேட்டது. நான் கைபேசியை எடுத்து மகனை அழைத்தேன். மணி போய்க்கொண்டே இருந்து கடைசியில் எடுத்தான். ரிஹானாவுக்கும் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.

"எப்படி மகன்?"

"அல்ஹம்துலில்லாஹ், வாப்பா."

இழுப்பு இல்லை. வெட்டு இல்லை. கோப்பையை வைக்கிற அதே சத்தம். அவன் பிறந்து ஐந்தாறு வயதாகும் வரைதான் ஸவாஹிர் நானா இருந்தார். எங்கே படித்தான் இந்தக் குரலை? வேலை எப்படி, சாப்பாடு எப்படி, அறையில் யார் யார் என்று குறுக்கும் நெடுக்கும் கேட்டேன். எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னான். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ரிஹானா ஒன்றும் கேட்கவில்லை. அவனுடைய முதல் சொல்லுக்குப் பிறகு அவள் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். பேச்சு முடிந்ததும் எழுந்து கைகால் கழுவி ஒளுச் செய்துவிட்டு வந்து, தொழும் விரிப்பான முஸல்லாவை விரித்தாள்.

இத்தனை வருஷமும் என் மனைவியின் துஆ வீட்டில் பெரிய தொல்லை. கையேந்தினால் சோறு ஆறிப்போகும், வந்த விருந்தாளி போய்விடுவார். நான் கேலி செய்யாத நாளில்லை. அவள் தொழுது முடிக்கட்டும், பிறகு மெதுவாகப் பேசலாம் என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

தொழுது முடித்து ஸலாம் கொடுத்தாள். கைகளை ஏந்தினாள். நான் சரியாகச் சாய்ந்து உட்காருவதற்குள் முகத்தைத் தடவிக்கொண்டு எழுந்து முஸல்லாவை மடித்துவிட்டாள்.

"மகன வீட்டுக்கு வரச் சொல்லுங்க" என்றாள்.